ஓடுபாதையில் எழுதியிருப்பது என்ன?

2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு 7-ஆம் தேதி இரவு எங்கள் வீட்டில் ஒருவரும் உறங்கவில்லை. துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஒன்று, கொட்டும் மழையில் கோழிக்கோட்டில் தரையிறங்கி, ஓடுபாதையின் எல்லையையும் தாண்டி ஓடி, தாழ்வான சரிவில் விழுந்து பிளந்துவிட்டது என்ற செய்தி வந்துகொண்டிருந்தது. விமானத்தில் இருந்தவர்கள் 190 பேர். மாண்டவர் தொகை 21 என்று பிற்பாடு தெரிந்தது. என் அண்ணன் அப்போது ஷார்ஜாவில் ஒரு கிடங்கில் வேலை பார்த்தான். கொரோனாவினால் வேலை போய், ஊருக்கு அழைத்துவரும் விமானத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருந்தான். அன்றைய விமானத்தில் அவன் இல்லை. அவன் வரவேண்டியது திருவனந்தபுரத்துக்கு. இருந்தும் அம்மாவுக்கு மனம் ஆறவில்லை. தொலைக்காட்சியைப் பார்த்தபடி ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டாள்: "கீழ எறங்கிட்டுல்லா? எறங்கின பெறவு ஏன் நிக்கல?"

அப்போது நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தேன். விடை சொல்லத் தெரியவில்லை. இன்று காரியவட்டத்தில் பௌதிகம் படிக்கிற நான் ஓரளவு சொல்ல முடியும். அந்த விடையில் ஒரு பெரும் பகுதி, ஓடுபாதையின் மேல் பூசிய வெள்ளை வர்ணத்தில் இருக்கிறது. இதைச் சொன்னால் நண்பர்கள் சிரிக்கிறார்கள். வர்ணம் பூசுவது என் தந்தையாரின் தொழில். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பிழைப்புக்காக இந்த ஊருக்கு வந்து, இருபது ஆண்டுகளாகச் சுவர்களுக்கும் சன்னல்களுக்கும் வர்ணம் அடித்து எங்களைப் படிக்க வைத்தவர் அவர். குலத்தொழிலை எங்கே போனாலும் விடமாட்டாய் என்பது நண்பர்களின் கேலி. இருக்கட்டும், விஷயத்துக்கு வருவோம்.

சென்ற ஆண்டு ஒரு கருத்தரங்குக்காகச் சென்னைக்கு விமானத்தில் போனேன். முதற் பிரயாணம்; சன்னலோர இருக்கை. மற்றவர்கள் வானத்தைப் பார்க்கக் காத்திருந்தார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மஞ்சள் கோடுகள், வெள்ளைக் கோடுகள், சிவப்புப் பலகைகள், எண்கள், எழுத்துக்கள் என்று தரை முழுவதும் ஏதோ எழுதியிருந்தது. 2025-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஆங்கிலேயரின் எப்-35 போர் விமானம் ஒன்று பழுதாகி இங்கே ஐந்து வாரங்கள் நின்றதே, நினைவிருக்கிறதா? ஊரெல்லாம் அதன் படத்தைப் பார்த்தோம். அது நின்ற தரையை எத்தனை பேர் பார்த்தோம்?

இந்த எழுத்து முறைக்கு இலக்கணம் உண்டு. 1944-ஆம் ஆண்டு டிசம்பர் 7-ஆம் தேதி சிகாகோ நகரில் பல தேசங்கள் கூடி ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. அதிலிருந்து பிறந்ததே சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு. அந்த உடன்படிக்கையோடு சேர்த்த இணைப்புக்களில் பதினான்காவது, விமான நிலையங்கள் எப்படி அமையவேண்டும் என்று சொல்கிறது. கோட்டின் நீளம், அகலம், நிறம், இடைவெளி எல்லாம் அதில் மீட்டர்க் கணக்கில் இருக்கின்றன. நம் நாட்டில் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் அதையொட்டி விதிகள் வகுத்திருக்கிறது. ஆகவே ஜப்பானிய விமானி ஒருவர் திருவனந்தபுரத்தில் இறங்கினாலும், நம் ஊர் விமானி ஓசாகாவில் இறங்கினாலும், தரையில் உள்ளதை ஒரே மாதிரிதான் படிப்பார்கள். முதல் எழுத்து நிறம். ஓடுபாதையின் மேல் உள்ள குறிகள் வெள்ளை. ஓடுபாதைக்குப் போகவும் வரவும் உள்ள வழிகளிலும் விமானங்கள் நிற்கும் இடத்திலும் உள்ளவை மஞ்சள். அந்த வழிகளை டாக்ஸிவே என்பார்கள். மூடுபனியில் வழி தவறிய விமானி, காலடியில் வெள்ளைக் கோட்டைக் கண்டால் 'ஐயோ, ஓடுபாதையில் அல்லவா நிற்கிறோம்' என்று அந்தக் கணமே அறிந்துகொள்ள வேண்டும்.

இனி எண்களைப் பார்ப்போம். நம் ஊர் ஓடுபாதை சுமார் 3,400 மீட்டர் நீளம். 45 மீட்டர் அகலம். அதன் ஒரு முனையில் 14 என்றும், மறுமுனையில் 32 என்றும் எழுதியிருக்கிறது. ஒவ்வோர் இலக்கமும் குறைந்தது 9 மீட்டர் உயரம் இருக்கவேண்டும் என்பது விதி. மூன்று மாடிக் கட்டடத்தைத் தரையில் படுக்க வைத்த அளவு அது. இந்த எண்கள் ஓடுபாதைகளின் வரிசை எண்கள் அல்ல. வடக்கிலிருந்து கடிகார முள் சுற்றும் பக்கமாக எண்ணினால் எத்தனை டிகிரி திசையில் ஓடுகிறோமோ, அதைப் பத்தால் வகுத்து முழு எண்ணாக்கி எழுதுகிறார்கள். 14 என்றால் ஏறக்குறைய 140 டிகிரி, அதாவது தென்கிழக்கு நோக்கி. மறுபக்கமிருந்து ஓடினால் 320 டிகிரி, வடமேற்கு நோக்கி. ஒரே பாதைக்கு இரண்டு பெயர்; இரண்டுக்கும் வித்தியாசம் எப்போதும் 18. சென்னையில் இரண்டு ஓடுபாதைகள்: 07-25, 12-30. கோவையில் 05-23. மதுரையில் 09-27. கழித்துப் பாருங்கள். இதில் புதியவர்கள் ஏமாறும் இடம் ஒன்றுண்டு. வடமேற்கைக் குறிக்கும் 32 என்ற எண், ஓடுபாதையின் தென்கிழக்கு முனையில் எழுதப்பட்டிருக்கும். ஏனெனில் அந்த முனையில் நுழைகிறவன்தான் வடமேற்கு நோக்கி ஓடப்போகிறான். கடற்காற்று வடமேற்கிலிருந்து வீசும் வேளைகளில் விமானங்கள் பூந்துறைப் பக்கமிருந்து வந்து அந்த 32-இன் மேல்தான் இறங்குகின்றன. காற்றை எதிர்த்து இறங்கினால்தானே வேகம் மட்டுப்படும்?

வடக்கு என்றேன். எந்த வடக்கு? பூமி சுழலும் அச்சின் வடக்கு அன்று. திசைகாட்டியின் முள் காட்டும் காந்த வடக்கு. இங்கே நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு மயக்கம் வருவதுண்டு. பக்கத்தில் இருக்கும் தும்பாவில் 1963-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் தேதி முதல் ராக்கெட்டை விட்டார்கள். காந்தப் பூமத்திய ரேகை அங்கே செல்கிறது என்பதற்காகவே அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். 'அப்படியானால் நம் ஊரில் திசைகாட்டி சரியாக வேலை செய்யாதோ?' என்று விடுதியில் ஒரு நண்பர் கேட்டார். காந்தப் பூமத்திய ரேகையில் முள் மேலும் கீழும் சாயாமல் கிடையாக நிற்கும், அவ்வளவுதான். அது இடவலமாக எவ்வளவு விலகுகிறது என்பது வேறு கணக்கு. ஓடுபாதையின் எண்ணுக்கு வேண்டியது அந்த இரண்டாவது கணக்கே. நம் பக்கத்தில் அந்த விலகல் மிகக் குறைவு.

காந்த துருவமோ ஓரிடத்தில் நிற்பதில்லை, மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கிறது. அதனால் சில ஊர்களில் ஓடுபாதை அசையாமல் இருக்க, அதன் எண் மட்டும் மாறிவிடுகிறது. லண்டனுக்கு அருகே ஸ்டான்ஸ்டெட் நிலையத்தில் 05-23 ஆக இருந்ததை 2009-இல் 04-22 என்று மாற்றி எழுதினார்கள். பூமியின் வயிற்றுக்குள் உருகிய இரும்பு புரள்கிறது. மேலே ஒரு தொழிலாளி வர்ண வாளியைத் தூக்கிக்கொண்டு வருகிறான்! இதை அப்பாவிடம் சொன்னபோது, "அப்ப நெதம் வேல உண்டு" என்றார். தினமும் அல்ல, சில பத்தாண்டுகளுக்கு ஒருமுறைதான் என்றதும் அவருக்கு உற்சாகம் குறைந்துவிட்டது.

எண்ணைப் படிப்பதால் என்ன லாபம்? விமானி புறப்படுமுன் தரையில் உள்ள எண்ணையும் தம் திசைகாட்டியையும் ஒப்பிட்டால் தவறான பாதையில் ஓடமாட்டார். அமெரிக்காவில் லெக்ஸிங்டன் நகரில் 2006-ஆம் ஆண்டு ஆகஸ்டு 27-ஆம் தேதி, பொழுது விடியுமுன், 22-இல் புறப்பட அனுமதி பெற்ற விமானம் ஒன்று 26-இல் போய் நின்று ஓடியது. அந்தப் பாதை குட்டை. உயர எழ முடியாமல் மோதியதில் 50 பேரில் 49 பேர் மாண்டார்கள். 40 டிகிரி வித்தியாசம் திசைகாட்டியில் இருந்தது. எண் தரையில் இருந்தது. இரண்டையும் ஒருவரும் ஒப்பிடவில்லை.

இரண்டு ஓடுபாதைகள் இணையாக இருந்தால் திசைகாட்டியும் உதவாது. இரண்டும் ஒரே திசையைத்தானே காட்டும்? அப்போது எண்ணோடு இடப்பக்கத்துக்கு ஆங்கில எல் எழுத்தும், வலப்பக்கத்துக்கு ஆர் எழுத்தும் சேர்க்கிறார்கள். 2000-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் தேதி இரவு, புயல் மழையில், தைபே நகரில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம் 05 எல் என்று எண்ணிக்கொண்டு 05 ஆர் பாதையில் ஓடியது. அங்கே பழுது பார்க்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. இயந்திரங்களின் மேல் மோதி 83 பேர் மாண்டார்கள். ஓர் எழுத்துதான் வித்தியாசம். நாம் தேர்வுத்தாளில் லகரத்துக்கு ளகரம் போட்டால் அரை மதிப்பெண் குறையும்.

எண்ணுக்கு முன்னால், பாதையின் வாசற்படி போல, நீளவாட்டில் வெள்ளைப் பட்டைகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றும் சுமார் 30 மீட்டர் நீளம். அவற்றை எண்ணினால் பாதையின் அகலம் தெரியும்: 30 மீட்டர் அகலப் பாதைக்கு 8 பட்டை, 45 மீட்டருக்கு 12, 60 மீட்டருக்கு 16. நம் ஊருக்கு 12. இது வெறும் அலங்காரமன்று. பழக்கமில்லாத ஊரில் அகலமான பாதையைப் பார்க்கும் விமானிக்குத் தாம் உண்மையில் இருப்பதைவிடத் தாழ்வாக இருப்பது போலத் தோன்றும். குறுகிய பாதையானால் உயரமாக இருப்பது போலத் தோன்றும். கண் செய்யும் இந்த மோசடியை அளவு தெரிந்தவர் திருத்திக்கொள்ளலாம். நடுக்கோடு, ஓரக்கோடுகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை; சாலையில் தினமும் பார்ப்பவைதாம்.

இப்போது அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். வாசலிலிருந்து 400 மீட்டர் உள்ளே, நடுக்கோட்டின் இருபுறமும் இரண்டு பெரிய வெள்ளைக் கட்டங்கள் இருக்கும். 2,400 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள ஓடுபாதைக்கு இது விதி. ஒவ்வொரு கட்டமும் 45 முதல் 60 மீட்டர் நீளம், 6 முதல் 10 மீட்டர் அகலம். வானத்திலிருந்து பார்க்கும்போது ஓடுபாதையில் எல்லாவற்றுக்கும் முன்னால் கண்ணில் படுவது இதுதான். இதைக் குறிப்புள்ளி என்று சொல்லலாம். விமானி விமானத்தை இதை நோக்கியே கொண்டுவருகிறார்.

இதில் அழகான பௌதிகம் ஒன்று இருக்கிறது. பஸ்ஸில் முன்னிருக்கையில் உட்கார்ந்து நேரே பாருங்கள். சாலையோர மரங்கள் எல்லாம் விலகி விலகி இரு பக்கமும் ஓடும். ஆனால் எந்தப் புள்ளியை நோக்கிப் பஸ் போகிறதோ, அது மட்டும் நகராமல் அப்படியே நின்று பெரிதாகிக்கொண்டே வரும். விமானத்திலும் அப்படியே. சுமார் 3 டிகிரிச் சரிவில் இறங்கிவரும் விமானியின் கண்ணாடியில் அந்த இரண்டு வெள்ளைக் கட்டங்கள் அசையாமல் நின்று வளர்ந்தால், வழி சரி. அவை கண்ணாடியில் கீழ்நோக்கி நழுவினால், 'இதைத் தாண்டிப் போய் இறங்கப் போகிறாய்' என்று பொருள். மேல்நோக்கி ஏறினால், 'இதற்கு முன்பே இறங்கிவிடுவாய்' என்று பொருள். எத்தனை விலையுயர்ந்த கருவிகள் வந்தாலும், கடைசிச் சில விநாடிகளில் விமானியிடம் பேசுவது இந்த வர்ணந்தான்.

குறிப்புள்ளிக்கு முன்னும் பின்னும், வாசலிலிருந்து 150 மீட்டருக்கு ஒன்றாக, பட்டைகள் ஜோடி ஜோடியாக வரும். ஒரு வகையில் இவை மும்மூன்றாகத் தொடங்கி, போகப் போகக் குறைந்து, ஒவ்வொன்றாக முடியும். நீண்ட ஓடுபாதையில் கடைசி ஜோடி 900 மீட்டரில். சக்கரம் இந்தப் பட்டைகளுக்குள் தரையைத் தொட வேண்டும். பட்டைகள் முடிந்தும் தரையைத் தொடவில்லையென்றால், மேலே எழுந்து ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி வரவேண்டும். அதில் அவமானம் ஒன்றுமில்லை.

ஒரு சிறு கணக்கு. இறங்கும்போது இத்தகைய விமானத்தின் வேகம் மணிக்குச் சுமார் 250 கிலோமீட்டர். விநாடிக்கு ஏறக்குறைய 70 மீட்டர். ஆகவே ஒரு ஜோடிப் பட்டைக்கும் அடுத்த ஜோடிக்கும் இடையே இரண்டு விநாடிதான். தரையைத் தொடாமல் மிதந்துகொண்டே போகும் ஒவ்வொரு விநாடிக்கும், நிறுத்துவதற்கு உள்ள பாதையில் 70 மீட்டர் போய்விடுகிறது. பின்னாலிருந்து காற்றுத் தள்ளினால் இன்னும் அதிகம்.

கோழிக்கோட்டில் என்ன நடந்தது? ஓடுபாதையின் நீளம் 2,700 மீட்டர். விமானம் தரையைத் தொட்ட இடம் வாசலிலிருந்து 1,350 மீட்டருக்குச் சற்று அப்பால். பாதி பாதை போய்விட்டது. இறங்குமிடத்துப் பட்டைகள் எல்லாம் முடிந்து 450 மீட்டர் கடந்த பிறகே சக்கரம் தரையில் பட்டது. மழையில் நனைந்த தரை, பின்னாலிருந்து காற்று. எஞ்சிய பாதி அதற்குப் போதவில்லை. மேலே எழுந்துவிடலாம் என்று துணை விமானி சொல்லியும் இறக்கம் தொடர்ந்தது என்று 2021-இல் வெளியான விசாரணை அறிக்கை சொல்கிறது. 2010-ஆம் ஆண்டு மே 22-ஆம் தேதி மங்களூரில் 158 பேர் மாண்டதும் இதே வகை விபத்துத்தான். அங்கும் விமானம் பாதையில் பாதிக்கு மேல் போன பிறகே தரையைத் தொட்டது. அங்கும் துணை விமானி எச்சரித்திருந்தார். இரண்டும் துபாயிலிருந்து வந்தவை. இரண்டிலும் வந்தவர்கள் பலர், பெட்டியில் மிட்டாயும் துணியும் கட்டிக்கொண்டு வந்த என் அண்ணனைப் போன்றவர்கள்.

ஆகவே அம்மாவுக்கு விடை இது: விமானம் இறங்கியது, ஆனால் இறங்கவேண்டிய இடத்தில் இறங்கவில்லை. 'இதோடு முடிந்தது, இனி இறங்காதே' என்று தரையில் எழுதியிருந்த கோட்டுக்கு அப்பால் இறங்கியது. நான் இப்படிச் சொன்னபோது அம்மா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "மழையில கோடு தெரிஞ்சிருக்குமா?" என்று கேட்டாள்.

நல்ல கேள்வி. அப்பா பூசும் எனாமல் வர்ணமானால் தெரியாது. இருட்டில் விளக்கொளி அதன் மேல் பட்டால் எல்லாத் திக்கிலும் சிதறிப் போகும். ஒளி அனுப்பியவரிடம் திரும்பி வருவது சொற்பம். அதனால் ஓடுபாதைக் கோடுகளில் ஈர வர்ணத்தின் மேல் மிக நுண்ணிய கண்ணாடி மணிகளைத் தூவுகிறார்கள். ஒவ்வொரு மணியும் பாதிக்குச் சற்று மேல் வர்ணத்தில் புதைந்து, மீதி வெளியே தெரிய வேண்டும். உள்ளே நுழையும் ஒளிக்கதிர் மணியின் வளைவில் திரும்பி, பின்புறத்தில் உள்ள வெள்ளை வர்ணத்தில் குவிந்து, வந்த வழியே திரும்புகிறது. முழுக்கப் புதைந்தால் பயனில்லை. மேலோட்டமாக ஒட்டினால் சக்கரம் உதிர்த்துவிடும். நம் தேசிய நெடுஞ்சாலைக் கோடுகளிலும் இதே வித்தைதான். இரவில் பஸ்ஸில் போகும்போது கோடு பளிச்சென்று தெரிவது இதனால். ஆனால் மணிகளின் மேல் தண்ணீர் ஏடாகப் படிந்தால் கதிரின் வளைவு மாறி, குவியும் இடம் தவறிவிடும். ஆகவே கொட்டும் மழையில் எந்தக் கோடும் மங்கத்தான் செய்யும். அதற்காகவே பாதையின் ஓரங்களிலும் வாசலிலும் விளக்குகள் இருக்கின்றன. குறைந்தபட்சத் தெளிவு இல்லையென்றால் இறங்கக்கூடாது என்ற விதியும் இருக்கிறது.

கோட்டுக்கு இன்னொரு பகைவன் உண்டு. விமானத்தின் சக்கரமே அது. அந்தரத்தில் சுழலாமல் இருந்த டயர், தரையைத் தொட்டவுடன் வேகம் பிடிக்கும்வரை தேய்கிறது. உருகிய ரப்பர் தரையில் கருப்பாக அப்பிக்கொள்கிறது. எங்கே அதிகம் அப்பும்? எல்லோரும் சரியாக இறங்கும் இடத்தில்தான்! ஒழுங்கான விமானிகள் எல்லாரும் சேர்ந்து, ஒழுங்காக இறங்கச் சொல்லும் குறிகளை நாள்தோறும் அழித்துக்கொண்டிருக்கிறார்கள். அதனால் அவ்வப்போது கடும் அழுத்தத்தில் தண்ணீரைப் பீய்ச்சி ரப்பரை அகற்றி, மறுபடியும் வர்ணம் தீட்ட வேண்டும். 2025-ஆம் ஆண்டின் முதல் மாதங்களில் நம் ஊர் ஓடுபாதையைப் பகல் நேரங்களில் மூடி வைத்து மேல்தளத்தையே புதுப்பித்தார்கள். புதுத் தார் போட்டால் எழுத்து முழுவதையும் மீண்டும் எழுத வேண்டும் அல்லவா? அந்த வேலைக்கு ஆள் எடுக்கிறார்களா என்று அப்பா விசாரித்தது உண்மை. அதற்கென்று தனி இயந்திரமும் பழகிய ஆட்களும் இருக்கிறார்கள் என்று தெரிந்து திரும்பிவிட்டார்.

வெள்ளையைப் பற்றிச் சொன்னது போதும். மஞ்சளில் ஒன்றே ஒன்றைச் சொல்லவேண்டும். அடுத்த முறை சன்னலோரம் உட்கார்ந்தால் நீங்களே பார்க்கலாம். டாக்ஸிவே ஓடுபாதையோடு சேருமுன், குறுக்கே நான்கு மஞ்சள் கோடுகள் இருக்கும். இரண்டு முழுக்கோடு, இரண்டு விட்டு விட்டுப் போட்ட கோடு. முழுக்கோடுகள் நம் பக்கம் இருந்தால், நில்; கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் உத்தரவு இல்லாமல் ஓர் அடி எடுத்து வைக்காதே. விட்டு விட்ட கோடுகள் நம் பக்கம் இருந்தால், நாம் ஓடுபாதையிலிருந்து வெளியே வருகிறோம். தடையில்லாமல் தாண்டி வா, வால் வரை முழுதும் தாண்டி நில். கதவைப் போல, ஒரு பக்கம் பூட்டியது, மறுபக்கம் திறந்தது. பெரிய நிலையங்களில் இந்தக் கோடு ஓடுபாதையின் நடுவிலிருந்து 90 மீட்டர் தள்ளி இருக்கும். இறக்கை படாமல் இருக்க இவ்வளவு தூரம் எதற்கு என்று தோன்றும். இறங்கும் விமானத்துக்கு வழிகாட்டும் ரேடியோ அலைகளை, நிற்கும் விமானத்தின் உலோக உடல் கலைத்துவிடக்கூடாது என்பது மற்றொரு காரணம்.

சென்னைப் பிரயாணத்தில் எங்கள் விமானம் அந்தக் கோட்டின் முன் நின்றுவிட்டது. இரண்டு நிமிஷம், மூன்று நிமிஷம். பின்னிருக்கைக்காரர் ஒருவர், "எந்தா இது, பஸ் ஸ்டாண்டோ?" என்று அலுத்துக்கொண்டார். அப்போது எங்கள் கண்முன்னே ஒரு விமானம் இடியோசையோடு இறங்கி ஓடியது. அலுத்துக்கொண்டவர் மௌனமானார்.

இந்தக் கோட்டைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதற்கு, 2024-ஆம் ஆண்டு ஜனவரி 2-ஆம் தேதி டோக்கியோவின் ஹனேடா நிலையத்தில் நடந்ததே சாட்சி. முதல்நாள் நேர்ந்த பூகம்பத்துக்கு நிவாரணப் பொருள் ஏற்றிய கடலோரக் காவற்படை விமானத்துக்கு, நிற்குமிடக் கோடு வரை வரச் சொல்லிக் கோபுரம் உத்தரவு தந்தது. ஆனால் அது கோட்டைத் தாண்டி ஓடுபாதையில் ஏறி, நாற்பது விநாடி போல அங்கே நின்றது. பின்னால் இறங்கிய ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் அதன் மேல் மோதியது. காவற்படை விமானத்தில் இருந்த ஆறு பேரில் ஐவர் மாண்டனர். எரிந்துகொண்டிருந்த பெரிய விமானத்திலிருந்து 379 பேரும் உயிரோடு இறங்கியது அபூர்வமான செயல். அவர்கள் தங்கள் கைப்பெட்டிகளை எடுக்காமல் இறங்கினார்கள் என்பதை நம்மவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாக, நம் ஊருக்கே உரிய ஒரு விசேஷம். 1932-இல் கோதவர்ம ராஜாவின் முயற்சியால் பறக்கும் சங்கமாகத் தொடங்கி, 1935-இல் டாடா நிறுவனத்தின் விமானம் வந்து பம்பாயோடு இணைத்த நிலையம் இது. பத்மநாபசுவாமி கோயிலிலிருந்து சங்குமுகம் கடற்கரைக்குச் செல்லும் ஆராட்டு ஊர்வலத்தின் வழி அதற்கும் முந்தியது. ஆகவே ஆண்டுக்கு இரண்டு முறை, அல்பசி உற்சவத்திலும் பைங்குனி உற்சவத்திலும், ஊர்வலம் ஓடுபாதையைக் குறுக்கே கடந்து செல்கிறது. பெயர்களைப் பார்த்தீர்களா? நம் ஐப்பசியும் பங்குனியும்தான். அந்த நாட்களில் மாலையில் ஏறக்குறைய ஐந்து மணி நேரம் விமானங்கள் வருவதுமில்லை, போவதுமில்லை.

மூடிய ஓடுபாதைக்கு ஓர் எழுத்து உண்டு: பெரிய பெருக்கல் குறி. ஓடுபாதையில் வெள்ளையாகவும், டாக்ஸிவேயில் மஞ்சளாகவும் போடவேண்டும். அதைக் கண்டால் விமானி அந்தப் பக்கம் எட்டியும் பார்க்கக்கூடாது. ஆராட்டு நாளில் இந்தக் குறியைப் போடுகிறார்களா என்று விடுதியில் கேட்டார்கள். வேண்டியதில்லை. சிறிது நேரத்துக்கு மட்டும் மூடுவதானால், முன்கூட்டியே விமானிகளுக்கு அறிவிப்பு அனுப்பிக் கோபுரமும் எச்சரித்தால் போதும் என்று விதியே இடம் தருகிறது. அந்த அறிவிப்பை நோட்டாம் என்பார்கள். பல நாட்கள் முன்பே உலகம் முழுவதற்கும் போய்விடும். நள்ளிரவில் தோகாவில் புறப்பட ஆயத்தமாகும் விமானிக்கும், இங்கே ஐப்பசியில் சுவாமி கடலாடப் போகிறார் என்பது காகிதத்தில் தெரியும்.

மாலையில் ஊர்வலம் தார்ப் பரப்பில் ஏறும். யானை நடக்கும்; வாளேந்திய அரச குடும்பத்தார் நடப்பார்கள்; வெறுங்காலோடு மக்கள் நடப்பார்கள். அவர்கள் காலடியில் நடுக்கோடு கிடக்கும். கடற்கரையில் ஆராட்டு முடிந்து, தீவட்டி வெளிச்சத்தில் அதே வழியாகத் திரும்புவார்கள். அதன் பிறகு ஊழியர்கள் ஓடுபாதையில் வண்டியில் போய், பூவோ கல்லோ துணியோ கிடக்கிறதா என்று பார்த்து அகற்றுவார்கள். விளக்குகள் எரியும். இரவு ஒன்பது மணிக்குமேல் வளைகுடாவிலிருந்து வரும் விமானம் பூந்துறைப் பக்கம் தாழ்ந்து வரும். அண்ணன் இந்த வருஷம் லீவு எழுதிக் கேட்டிருக்கிறான், ஐப்பசியில் வருவானாம்.